கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்றுதான் வேலுத்தாய்க்குப் பயம். வேனில் ஏறியதிலிருந்தே அந்தப் பயம் அடிவயிற்றில் ஈரத்துணி மாதிரிக் கிடந்தது. போன தடவை எதை முதலில் சொன்னோம், வலி வந்ததையா, ஆட்டோ கிடைக்காததையா? ஆட்டோவைத்தான் சொன்னோம் என்று ஒரு நினைப்பு. இல்லை, மாரிக்கனிக்குக் கால் வீங்கினதைச் சொல்லித்தான் ஆரம்பித்தோம், கண்ணாடி போட்ட ஒரு பெண் எந்தக் கால் என்று கேட்டாள், ரெண்டும்தான் தாயி என்றதற்கு எதையோ எழுதிக்கொண்டாள். அது போன தடவையா, அதற்கு முந்தின தடவையா? பெற்ற மகள் செத்த கதையில் எது முன்னே எது பின்னே என்று தடுமாறுகிற தாய் உலகத்தில் இருப்பாளா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டி முடித்ததும் மறுபடி ஆட்டோ வந்தது, கால் வந்தது. உமையாள் மேடம் எப்போதும் சொல்வதுதான்: "இதுல சரி, தப்புன்னு ஒண்ணுமே கிடையாதும்மா. உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் சொல்லுங்க." சரி தப்பு இல்லாத பேச்சு எங்கே இருக்கிறது? ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினோரு வயதில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்க உட்கார்ந்த காலத்திலிருந்து அவள் பார்த்த பேச்சுக்கெல்லாம் சரியும் தப்பும் இருந்தது. ஒரு நாள் குச்சிக்கு மருந்து முக்குகிற அறைப் பக்கம் பொறி பிடித்துக்கொண்டது. எப்படிப் பிடித்தது என்று மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் கேட்டார், பயப்படாம சொல்லுங்க என்றுதான் கேட்டார். குச்சி அடுக்குகிற பக்கத்துச் சட்டத்தில் உட்கார்ந்திருந்த தாயம்மா அக்கா கண்ணால் கண்டதை அப்படியே சொன்னாள். அடுத்த வாரம் அவளுக்கு வேலை இல்லை. யாரும் போகச் சொல்லவில்லை, அவள் உட்காரும் இடத்தில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். தாயம்மா அக்கா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் அது தப்பாகச் சொன்னதுதான்.

ஏசி போட்ட கூடம். முந்தானையை இழுத்து முதுகை மூடிக்கொண்டு, சுவரோரம் போட்டிருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நோய்நொடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போகிற டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் இந்தக் கல்லூரியில் வருஷத்துக்கு ஒரு தடவை பயிற்சி நடக்கும். கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டு போகிற ஆராய்ச்சி இல்லை இது. எதிரே உட்கார்ந்து, பட்டவர்களை அவர்கள் வாயாலேயே பேசவிட்டு, குறுக்கே விழாமல் கேட்கிற ஆராய்ச்சி. கேட்டுப் பழக வேண்டுமென்றால் சொல்லுவதற்கு ஆள் வேண்டும். அப்படிச் சொல்லுவதற்காக வேனில் அழைத்து வரப்பட்டவர்களில் வேலுத்தாயும் ஒருத்தி. பக்கத்து நாற்காலியில் பேச்சிமுத்து அண்ணாச்சி. டி.பி. என்கிற சளி நோயில் ஒரு நுரையீரலைத் தொலைத்தவர், அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல அவருக்கு உடம்பு தேறியிருக்கிறது என்று வேனில் கேலி செய்வார்கள். "என்ன தாயி, மூஞ்சி செத்துப்போய்க் கெடக்கு? டீ வரும், பிஸ்கட்டு வரும். நாலு சொட்டுக் கண்ணீர் விட்டேன்னா பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறும்" என்றார். "உங்களுக்குக் கேலியா இருக்கு அண்ணாச்சி." "கேலி இல்லம்மா. நான் இருமுனா ஒரு பய எழுத மாட்டான். இருமிட்டு, ரெண்டு விநாடி மேல பாத்துட்டுப் பேசுனா அம்புட்டுப் பேரும் எழுதுவான். அனுபவத்துல சொல்லுதேன்." அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்ததும் மாரிக்கனிக்குத் துரோகம் செய்தது போல இருந்தது, வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். எதிரே வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். யார் கேட்கிறார். யார் சொல்கிறார். இவர்களில் யாருக்குப் பயம் அதிகம். மூன்றாவது வரியைப் படித்ததும், தன்னை யாரோ பார்த்துவிட்டது போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

உமையாள் மேடம் ஒவ்வொரு ஆளாகப் பிரித்துவிட்டுக்கொண்டு வந்தார். நல்ல மனுஷி. நரைத்த தலைக்குச் சாயம் பூசாதவர், சொல்ல வந்தவர்களுக்குத்தான் முதலில் டீ கொடுக்க வேண்டும் என்று பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லுபவர். இந்தத் தடவை ஒரு புது ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் விளக்கினார். சென்னையிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் போன வருஷம் தெற்கத்திப் பேச்சு விளங்கவில்லையாம், அப்புறம் பதிவைப் போட்டு எழுதியபோது பாதிக்குப் பாதி தப்பாகிவிட்டதாம். அதனால் இந்தத் தடவை அந்தந்த மாவட்டத்துக்காரர்களையே எதிரெதிரே உட்கார வைக்கப்போகிறார்களாம். ஒரே தண்ணீரைக் குடித்தவர்கள், ஒருவர் பேச்சு ஒருவருக்கு இதமாக இருக்கும். "உங்களுக்கு உங்க ஊர்ப் பக்கத்துக்காரங்களே வராங்கம்மா, சந்தோஷம்தானே?" என்று அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். சந்தோஷம்தான் மேடம் என்றாள் வேலுத்தாய். அப்போது அவளுக்கு உண்மையிலேயே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எதிரே வந்து உட்கார்ந்தவள் மாம்பழ நிறத்தில் புடவை கட்டியிருந்தாள். வேலுத்தாயின் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடக்குறைய. கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. நர்சுகள் அப்படித்தான் கட்டுவார்கள் என்று வேலுத்தாய் நினைத்தாள், அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. ரெக்கார்டரை நடுவிலிருந்த ஸ்டூலில் வைத்தாள், சிவப்புப் புள்ளி எரிந்தது. "சொல்லுங்கம்மா" என்றாள். அந்த 'அம்மா'வில்தான் வேலுத்தாயின் காது நின்றுபோனது. கடைசியில் ஒரு இழுப்பு, இழுப்புக்குப் பிறகு கதவைச் சாத்துவது போல ஒரு வெட்டு. இந்த அம்மாவை அவளுக்குத் தெரியும். ஐந்து வருஷமாகத் தெரியும். வெளிய போங்கம்மா. அட்டெண்டர் உள்ள நிக்கக்கூடாதும்மா. முதல் பிரசவத்துக்கு எல்லாவளும் இப்படித்தான் கத்துவாளுக, நீங்க வெளிய போங்கம்மா. இல்லை, இருக்காது. எத்தனையோ பேர் அம்மா என்கிறார்கள். கண்டக்டர் சொல்கிறான், ரேஷன் கடையில் சொல்கிறார்கள். வேலுத்தாய் எதிரே இருந்தவளின் முகத்தைப் பார்க்கப் பயந்து கையைப் பார்த்தாள். நகம் ஒட்ட வெட்டிய கை. விரல் இடுக்குகள் வெளுத்துத் தோல் உரிந்திருந்தன.

கேட்கிறவர்கள் முதலில் தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது உமையாள் மேடத்தின் விதி. எங்கிருந்து வருகிறோம், எந்த இடத்தில் நின்று கேட்கிறோம் என்பதை மறைக்காமல் சொன்னால்தான் எதிரே இருப்பவருக்குப் பயம் தெளியுமாம். அவள் அதை ஒழுங்காகச் செய்தாள். பேர் கனகவல்லி. பெரியாஸ்பத்திரியில் பிரசவ வார்டு. அங்கே பத்து வருஷத்துக்கு மேல். ஊரையும் சொன்னாள். "ஆனா இன்னைக்கு நான் சிஸ்டரா வரலம்மா. கேக்குறதுக்கு வந்த ஒரு பொம்பளைன்னு நினைச்சுக்கோங்க. நீங்க யார் பேரும் சொல்ல வேண்டாம், ஆஸ்பத்திரி பேரும் சொல்ல வேண்டாம். பிடிக்கலன்னா எப்ப வேணாலும் எந்திரிச்சுப் போகலாம். சரியாம்மா?" சரி என்றாள் வேலுத்தாய். வேறு என்ன சொல்ல? எழுந்து போகலாம் என்கிறார்கள். எழுந்தால் இத்தனை நாற்காலியும் திரும்பும், மேடம் ஓடி வருவார், என்னம்மா ஆச்சு என்பார், அப்போது இவள் என் முகத்தை நிமிர்ந்து நன்றாகப் பார்ப்பாள். இதுவரை பார்க்கவில்லை, பார்த்தாலும் ஞாபகம் இருக்காது, ஒரு நாளைக்கு எத்தனை தாய்மார் அந்தக் கம்பிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். ஞாபகம் இல்லாமல் இருப்பதுதான் இப்போதைக்குத் தெய்வம் கொடுத்த பாதுகாப்பு. சின்ன மகள் செண்பகத்துக்கு இப்போது நிறைமாசம், வெள்ளிக்கிழமை அட்மிஷன். சின்னவளுக்கும் அதே பிரஷர், அதே கால் வீக்கம். மோதிரம் கழலாமல் சோப்புப் போட்டுக் கழற்றினார்கள். கிராமத்து நர்ஸ் சொல்லிவிட்டாள், இங்க வச்சிருக்க முடியாதுக்கா, பெரியாஸ்பத்திரிதான், வேற எங்கயும் போயிராதீங்க. பிரைவேட்டுக்குப் போக வழி இல்லை. வெள்ளிக்கிழமை செண்பகம் அந்தக் கட்டிலில் படுப்பாள், அந்தப் பச்சைக் கம்பிக் கதவு சாத்தப்படும், சாத்துகிற கை இந்தக் கையாக இருக்கும்.

"உங்க மகளைப் பத்திச் சொல்லுங்க. எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு தோணுதோ அங்க இருந்து." கால் வீங்கினதிலிருந்து ஆரம்பித்தாள். காலில் ஆபத்து இல்லை, எல்லோர் காலும் வீங்கும். மூத்தவ பேரு என்று ஆரம்பித்து நிறுத்தினாள், பேர் சொல்ல வேண்டாம் என்று சொன்னார்களே. நல்லதாகப் போயிற்று, மாரிக்கனி என்ற பேர் எல்லா ஊரிலும் இருக்கிற பேர் இல்லை. மூத்தவ, என்றாள். மூத்தவளுக்கு ஒம்பது மாசம். கனகவல்லி தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலும் சொல்லிக்கொடுத்ததுதான், ரொம்பவும் ஆட்டக்கூடாது, ஆமாம் போடுவது போல இருக்கக்கூடாது, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது போல மெல்ல ஆட்ட வேண்டும். ஆட்டோவைச் சொன்னாள். மழையைச் சொல்ல வாயெடுத்துவிட்டு விழுங்கினாள். ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்த அந்த மழையில் ஆஸ்பத்திரிக்குள் தண்ணீர் ஏறியது, வார்டு நடையில் செங்கல் போட்டு நடந்தார்கள், அதைச் சொன்னால் எந்த வருஷம், எந்த ராத்திரி என்று இவளுக்குத் தெரிந்துவிடும். மழை இல்லாமல் சொன்னாள். மழையை எடுத்ததும் ஆட்டோ ஏன் கிடைக்கவில்லை என்பதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. திருவிழா, என்றாள். ஊர்ல திருவிழா, ஆட்டோக்காரன் எல்லாம் அங்க போயிட்டான். சொன்ன பிறகுதான் திருவிழா என்ற சொல் அந்த ராத்திரிக்குள் கொட்டடித்துக்கொண்டு நுழைந்தது, வலியில் துடிக்கிற மகளைச் சுற்றி சீரியல் பல்பு போட்ட மாதிரி. ஏம்மா, என்னத்துக்கு இப்படிப் புளுகுத, என்று மாரிக்கனி கேட்பாள். அவளுக்குப் பொய் பிடிக்காது. மூன்றாம் வகுப்பில் பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்து, திருடு போச்சுன்னு சொல்லச் சொல்றாளுக, நான் தொலைச்சிட்டேன்மா, என்று நின்ற பிள்ளை. அதற்கும் ஒரு அடி கொடுத்தோம். எதற்குக் கொடுத்தோம்? தொலைத்ததற்கா, சொன்னதற்கா?

கனகவல்லி பேசாமல் இருந்தாள். எண்ணுகிறாள் என்று வேலுத்தாய்க்குத் தெரிந்தது. சொல்லுகிறவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போடாதே, மனசுக்குள் பத்து வரை எண்ணு, மௌனமும் ஒரு பேச்சுதான், என்பது இங்கே முதல் நாள் பாடம். போன தடவை ஒரு பையன் எண்ணும்போது உதடு அசைந்தது. இவள் நன்றாக எண்ணுகிறாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு இவளுக்கு எண்ணத் தெரிந்திருக்கவில்லை. சிஸ்டர், எம்புள்ளைக்கு மூச்சு வாங்குது, கண்ணு மங்குதுன்னு சொல்றா என்று சொல்லி முடிப்பதற்குள் வெளிய போங்கம்மா வந்து விழுந்தது. ஒன்று என்று எண்ணக்கூட நேரம் இல்லை. அன்றைக்கு இப்படி எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி, இந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இவள் கேட்டிருந்தால். அதை நினைக்கக் கூடாது. இன்றைக்கு அதை நினைத்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். செண்பகத்தை நினை. மோதிரம் கழலாத விரலை நினை. வேலுத்தாய் தண்ணீர் குடித்தாள்.

"அந்த வார்டு எப்படி இருந்துச்சும்மா? கண்ணை மூடிப் பாத்தீங்கன்னா என்ன தெரியுது?" அறையைக் கேள், வெளிச்சத்தைக் கேள், அதுவும் பாடம்தான். கண்ணை மூடாமலேயே தெரிந்தது. கண்ணாடி உடைந்த ஜன்னலை யாரோ பழைய எக்ஸ்ரே படத்தை ஒட்டி அடைத்திருந்தார்கள். வெளியே விளக்குக் கம்பம். அந்த வெளிச்சத்தில் யாரோ ஒருவரின் விலா எலும்புகள் ஜன்னலில் வரிவரியாக நின்றன. மாரிக்கனி அதைப் பார்த்து, அம்மா அது யாரும்மா என்று கேட்டாள். யாருன்னு தெரியலையே கண்ணு, யாரோ சளிக்காரக போலிருக்கு, என்றாள் இவள். ரெண்டு பேரும் சிரித்தார்கள், வலிக்கு நடுவே, அதுதான் மகளோடு சிரித்த கடைசிச் சிரிப்பு. இதை முன்னால் இரண்டு தடவையும் சொல்லியிருக்கிறாள், எக்ஸ்ரே படத்தைச் சொன்னதும் கேட்டவர்கள் வேகவேகமாக எழுதினார்கள். இன்றைக்குச் சொன்னால் எழுத வேண்டியதே இல்லை, இவள் தினமும் பார்க்கிற ஜன்னல் அது, ஒருவேளை இவளே ஒட்டியதாகக்கூட இருக்கலாம். "நல்ல வார்டுதான்" என்றாள் வேலுத்தாய். "சுத்தமா வச்சிருந்தாக." எக்ஸ்ரே படத்தைப் பிய்த்துப் போட்டாள், ஜன்னலில் கண்ணாடி போட்டாள், கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த பூனையை விரட்டினாள், செங்கல்களை எடுத்தாள், தரை காய்ந்தது. ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க அந்த அறை துடைத்துவிட்டது போல ஆனது, நடுவில் ஒரு கட்டில், கட்டிலில் மகள். அந்தச் சிரிப்புக்கு இப்போது காரணம் இல்லை. அதனால் சிரிப்பும் போயிற்று. அடப் பாவி, அதையுமா எடுத்துட்டே?

"அங்க என்ன வாசனை இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்காம்மா?" வேலுத்தாய் அவளை முதல் தடவையாக நேருக்கு நேர் நிமிர்ந்து பார்த்தாள். தன் வார்டில் என்ன வாசனை அடிக்கிறது என்று என்னிடம் கேட்கிறாளே. இவளுக்குத் தெரியாதா? பத்து வருஷமாக மூக்கில் ஏறி ஏறி, இனிமேல் தெரியாதுதான் போல. முகம் சோர்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு, காதோரம் நரை, தோடு இழுத்துக் காது அறுந்து தைத்த தழும்பு. ஐந்து வருஷமாக வேலுத்தாய் மனசுக்குள் சபித்துக்கொண்டிருந்த முகத்தில் இந்தத் தழும்பு இல்லை. அந்த முகம் இதைவிடப் பெரியது, இதைவிட வெள்ளை. அன்றைக்கு ராத்திரி டூட்டியில் இவள் இருபத்தஞ்சு கட்டிலுக்கு ஒருத்தியாக நின்றாள் என்று பிறகு யாரோ சொன்னார்கள், சொன்னபோது காதில் ஏறவில்லை. இவளுக்கும் மகள் இருப்பாளோ? இருந்தால் என்ன? இருக்கட்டும். எனக்கு இருந்தவள் எங்கே? "டெட்டால் வாசனைதான்" என்றாள்.

அதற்குப் பிறகு கதவுக்கு வந்தாக வேண்டும். எந்த வழியாகப் போனாலும் கதை அந்தக் கதவில்தான் வந்து முட்டும். பச்சைப் பெயிண்ட் அடித்த கம்பிக் கதவு, சங்கிலி, வெளியே சிமெண்டுப் பெஞ்சு. அதில் உட்கார்ந்தால் உள்ளே கட்டில் தெரியாது, நடை மட்டும் தெரியும், நடை முடிகிற இடத்தில் ஒரு மூலை. அந்த மூலையிலிருந்து அம்மா என்று ஒரு சத்தம் வந்தது. இன்னொரு அம்மா வந்தது. அப்புறம் வரவில்லை. வராதபோது, வலி நின்றுவிட்டது போல, நல்லது என்று நினைத்தாள். அதுதான். அந்த நல்லதுதான் ஐந்து வருஷமாக நெஞ்சுக்குள் முள்ளாக நிற்கிறது. விடிந்த பிறகு துணியால் மூடிக் கொண்டுவந்தார்கள், தாயையும் பிள்ளையையும். நடுவில் என்ன நடந்தது? வேலுத்தாய்க்குத் தெரியாது. மூன்றாவது அம்மா இருந்ததா? கண் தெரியவில்லை என்றாளே, இருட்டென்று பயந்தாளா? தண்ணீர் கேட்டாளா? யாராவது கிட்டே நின்றார்களா, இல்லை அந்த விலா எலும்பைப் பார்த்துக்கொண்டே போனாளா? எத்தனை தடவை கதை சொன்னாலும், எத்தனை பேர் கேட்டாலும், கதவுக்கு இந்தப் பக்கத்தைத்தான் அவளால் சொல்ல முடியும். அந்தப் பக்கத்தைத் தெரிந்தவள் உலகத்தில் ஒரே ஒருத்தி. அவள் இதோ முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து, என்னிடம் கதை கேட்கிறாள். நாற்காலியைத் திருப்பிப் போட வேண்டும் என்று தோன்றியது. ரெக்கார்டரை அவள் பக்கம் தள்ளி, சொல்லுங்கம்மா, எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு தோணுதோ அங்க இருந்து சொல்லுங்கம்மா, என்று சொல்லிவிட்டு, பத்து இல்லை, ஆயிரம் வரை எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறந்தும்விட்டாள். திறந்த வாயில் செண்பகத்தின் வீங்கிய விரல் வந்து குறுக்கே நின்றது.

"உள்ள என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களாம்மா?" கனகவல்லியின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. வேலுத்தாய் வாயைத் திறந்துவிட்டதால் எதையாவது சொல்லியாக வேண்டும். "யாரும் ஒரு குறை வைக்கல" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அது போதாது என்று பயம் சொன்னது. குறை வைக்கவில்லை என்றால், குறை இருக்கிறது என்று நினைக்கிறாள் என்றுதானே படும். இன்னும் ஏதாவது வேண்டும், நல்லதாக, இவள் கேட்டால் மனசு குளிர்கிற மாதிரி ஒன்று. "ஒரு சிஸ்டர் இருந்தாக. கடைசி வரைக்கும் எம்மக பக்கத்துலயே இருந்தாக. அவ கையப் பிடிச்சுக்கிட்டே இருந்தாக." சொன்னதும் கூடத்தின் சத்தமெல்லாம் தூரப் போனது போல இருந்தது. வேலுத்தாய் எதிரே இருந்த முகத்தையே பார்த்தாள். இருந்தியா? ஒருவேளை இருந்திருந்தால். முகம் இப்போது ஏதாவது சொல்லிவிடும், ஆமாம் என்றோ இல்லை என்றோ, கண்ணில் ஒரு அசைவு போதும் எனக்கு. கனகவல்லி எழுதவில்லை. தலையையும் ஆட்டவில்லை. ரெக்கார்டரின் சிவப்புப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் எண்ணவில்லை என்று வேலுத்தாய்க்குத் தெரிந்தது, எண்ணுகிறவர்கள் மூச்சு ஒழுங்காக வரும். பிறகு அவள், யாரும் சொல்லிக்கொடுக்காத குரலில், ரொம்ப மெல்ல, "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அம்மா என்று சேர்க்கவில்லை. "கதவு வழியாத் தெரிஞ்சுச்சு" என்றாள் வேலுத்தாய். கதவு வழியாகக் கட்டில் தெரியாது. அது அவளுக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். ரெண்டு பேருக்கும் நடுவே அந்தக் கம்பிக் கதவு ஸ்டூலின் மேல் நிற்பது போல இருந்தது. மேடம் மணியை அடித்தார்.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஒவ்வொருவராகப் பேசினார்கள். பேச்சிமுத்து அண்ணாச்சி தன்னைக் கேட்ட பையனுக்கு நூற்றுக்கு எண்பது போட்டு, இருமும்போது முதுகைத் தடவியிருந்தால் நூறு என்றார், எல்லோரும் சிரித்தார்கள். கனகவல்லியின் முறை வந்தபோது, கேட்டேன், அவங்க சொன்னாங்க, என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மேடம் வேலுத்தாயின் பக்கம் திரும்பினார். "அம்மா, நான் அந்தப் பக்கமா வந்தப்ப காதுல விழுந்துச்சு. ஒரு சிஸ்டர் கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்கன்னீங்க. முன்னாடி சொன்னப்பல்லாம் அதைச் சொன்னதே இல்லையே?" எல்லா நாற்காலியும் பார்த்தது. ஒரு நாற்காலி மட்டும் குனிந்திருந்தது. "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு மேடம்" என்றாள். மேடத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா?" என்று வட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "கேக்குறவங்க பயமில்லாம உட்கார வச்சா, இத்தனை வருஷமா வராத ஞாபகம் வருது. இதுக்குத்தான் இந்தப் பயிற்சி." யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள், வேலுத்தாயும் எதற்கென்று தெரியாமல் தட்டினாள். பலகையில் மூன்றாவது வரி இன்னும் இருந்தது. அந்த ரெக்கார்டர் பெட்டிக்குள் போனது இனி போனதுதான். இனிமேல் யார் போட்டுக் கேட்டாலும் மாரிக்கனி மழை இல்லாத ராத்திரியில், கண்ணாடி போட்ட ஜன்னலுக்குக் கீழே, ஒரு கையைப் பிடித்துக்கொண்டு செத்துப்போவாள். கூப்பிட்டாள், அப்புறம் சத்தமே வரவில்லை என்பது இனி வேலுத்தாய்க்கு மட்டும் தெரிந்த சேதி. அவளும் போன பிறகு அதுவும் இருக்காது. அம்மா, என்னைய எங்க கொண்டுபோய் விட்டுட்டே?

டீ வந்தது. சொல்ல வந்தவர்களுக்குத்தான் முதலில். வேலுத்தாய் கிளாஸை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் தனியாக நின்ற கனகவல்லியிடம் போனாள். கால் தானாகப் போனது. "சிஸ்டர், எஞ்சின்னவ வெள்ளிக்கிழமை உங்ககிட்டதான் வாரா. பிரஷரு. அக்காளுக்கு இருந்த அதே பிரஷரு." கனகவல்லி திரும்பினாள். முகத்தில் ஏதோ வந்து, நிற்காமல் போனது. "பேரு?" "பேரு சொல்லக் கூடாதுன்னாகளே." "சொல்லுங்க." "செண்பகம்." கனகவல்லி அந்தப் பேரை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வேலுத்தாய் அவளுடைய வலது கையை எடுத்துத் தன் ரெண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கும்பிடுகிற மாதிரியும் இருந்தது, ஓடிவிடாமல் பிடிக்கிற மாதிரியும் இருந்தது. சில்லென்ற கை. விரல் இடுக்கில் உரிந்த தோல் உள்ளங்கையில் சொரசொரத்தது. பிடித்திருந்தால் மாரிக்கனிக்கும் இப்படித்தான் சொரசொரத்திருக்கும். அவள் கை வியர்க்கிற கை, இந்தச் சில்லிப்பு அவளுக்கு இதமாக இருந்திருக்கும். பிடித்திருந்தால். ரெக்கார்டர் அணைந்து பைக்குள் போயிருந்தது, யாரும் எதையும் கேட்கவில்லை, எழுத ஒருவரும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை வரைக்கும் அந்தப் பொய் கலையாமல் நிற்க வேண்டும். அதனால் வேலுத்தாய் அந்தக் கையை விடாமல், நர்சின் கண்ணைப் பார்த்து, தானாகவே இன்னொரு தடவை சொன்னாள்:

"கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டேதான் இருந்தாக சிஸ்டர். நான் பாத்தேன்."